இரண்டாம் நாள் வலி

வைத்தியசாலை வாசலில் மூன்றே படிகள். சுடலைமுத்து அந்த மூன்று படிகளையும் பின்பக்கமாக இறங்கினார்.

ஏறி வரும்போது சாதாரணமாகத்தான் வந்தார். மருந்தை வாங்கிக்கொண்டு திரும்பியவர் மேல்படியின் விளிம்பில் நின்று, கிணற்றுக்குள் பார்ப்பதைப் போலக் கீழே பார்த்தார். ஒரு காலை இறக்கினார். முழங்கால் மடங்கியதுமே தொடை நடுங்கியது. வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார். பிறகு எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, ஏணியில் இறங்குகிறவரைப் போல ஒவ்வொரு படியாகக் காலால் துழாவித் துழாவி இறங்கினார்.

மருந்துக்குக் காத்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

"என்ன மாப்ள, நேத்து குத்தாலத்துக்கு ஓடுன காலா இது?" என்று கேட்டார் வயிற்றுவலிக்காக வந்திருந்த ஒரு பெரியவர்.

"அதே காலுதான் அண்ணாச்சி. நேத்து பூரா முன்னால போயாச்சு. இன்னைக்குப் பின்னால போறேன்."

சிரிக்காமல் இருந்தது ஒருத்திதான். அவருடைய மனைவி பேச்சியம்மாள். படிக்குக் கீழே நின்று, ஒவ்வொரு படியிலும் வந்து பதிகிற அவருடைய குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று திங்கட்கிழமை. புதன்கிழமை காலையில் அந்தக் கால்கள் போலீஸ் ஆள் எடுப்பில் ஓடியாக வேண்டும்.

மேல் என்றால் எது?

சென்ற வாரம் மருந்து அலமாரியைப் பற்றி எழுதியதைப் படித்தவர்களுக்கு என் பட்டியல் பைத்தியம் தெரிந்திருக்கும். இந்த வாரந்தான் பக்கத்தைத் திருப்புகிறவர்களுக்காக இரண்டு வரி. கும்பகோணத்துப் பக்கம் பிறந்தவள் நான். சென்னையில் நர்ஸ் பயிற்சியும் மருந்து கலக்கும் பயிற்சியும் முடித்துவிட்டு, முதல் வேலையாகத் தென்காசிக்கு வந்து இறங்கினேன். கையில் ஒரு தகரப் பெட்டி, ஒரு நோட்டுப் புத்தகம். எதையும் எண் போட்டு எழுதினால்தான் எனக்குப் புரியும்.

எண் போட்டு எழுதினால் மட்டும் எல்லாம் புரிந்துவிடாது என்பதைத் தென்காசி முதல் வாரத்திலேயே காட்டியது.

ஒரு அம்மாள் வந்து, "மேலு வலிக்கி" என்றாள். தோளைச் சொல்கிறாள் என்று நினைத்துத் தோளுக்குத் தைலம் தேய்த்து அனுப்பினேன். நோட்டில் 'வலி: மேற்பாகம்' என்று எழுதினேன். மறுநாளும் வந்து, "மேலுக்கு முடியலம்மா" என்றாள். இன்னும் கொஞ்சம் மேலே போய்க் கழுத்துக்குத் தேய்த்தேன். மூன்றாம் நாள் நான் தலைக்குப் போவதற்குள், வைத்தியசாலையைப் பெருக்குகிற பெண் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"நர்சம்மா, மேலுன்னா ஒடம்பு! அவளுக்கு மூணு நாளாக் காய்ச்ச!"

அன்றிலிருந்து, யார் என்ன வலி சொன்னாலும், "எங்கே? கையை வைத்துக் காட்டுங்கள்" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். நல்ல வழக்கம் என்று பெருமையும் பட்டுக்கொண்டேன்.

சுடலைமுத்துவிடமும் அப்படித்தான் கேட்டேன். அவர் இரண்டு உள்ளங்கைகளையும் இரண்டு தொடைகளின் மேல் வைத்தார். பிறகு கெண்டைக்காலில் வைத்தார். பிறகு, "கை ரெண்டுதானம்மா இருக்கு" என்றார்.

அருவியடியில் முடிந்த ஓட்டம்

யுத்தம் வருவதற்கு ஓரிரண்டு வருஷம் முன்னால் இருக்கும். ஆனி மாதம். மலைமேல் மேகம் இறங்கி, சாரல் பிடித்துவிட்டது. ஆலங்குளத்திலிருந்து குற்றாலம் வரை ஓர் ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். இருபது மைல் என்றார்கள். நான் அளந்து பார்க்கவில்லை. ஊருக்கு ஒருவராகப் பெயர் கொடுத்திருந்தார்கள். ஆய்க்குடிப் பக்கத்துக்குச் சுடலைமுத்து.

ஓட்டம் பேரருவிக்குப் போகும் பாதையில் முடிந்தது. முதலுதவிப் பெட்டியோடு என்னை அங்கே உட்காரவைத்திருந்தார்கள். பெட்டிக்குள் இருந்தவை: பஞ்சு, துணிச் சுருள்கள், அயோடின், டர்பன்டைன் தைலம், முகர வைக்கும் உப்பு, குளூக்கோஸ் பொடி. இவற்றில் அன்று அதிகம் செலவானது பஞ்சுதான். தார் ரோட்டில் வெறுங்காலில் ஓடி வந்தவர்களின் பாதங்கள் அப்படி இருந்தன.

முதலில் வந்தவர் லீவில் ஊருக்கு வந்திருந்த ஒரு பட்டாளத்துக்காரர். கான்வாஸ் பூட்ஸ் போட்டிருந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர். நான்காவதாகச் சுடலைமுத்து வந்தார்.

நான்காவதாக வருகிறவரை யாரும் கவனிக்க மாட்டார்கள். மாலையெல்லாம் முன்னாலேயே தீர்ந்துவிடும். நான் கவனித்ததற்குக் காரணம், அவர் வந்த வேகத்தில் கோட்டைத் தாண்டி நேராக என் மேஜைக்கு வந்து நின்றதுதான். வேட்டியை இறுக்கித் தார்ப்பாய்ச்சியிருந்தார். உதடு வெடித்திருந்தது. நான் தண்ணீர்க் குவளையை நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை.

"எனக்குப் பின்னால வந்த ஆளு பாலத்துக்கிட்ட விழுந்து கெடக்காரு. மொதல்ல ஒரு வண்டி அனுப்புங்க."

வண்டி கிளம்பியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் குவளையை வாங்கினார். விழுந்தவர் பிழைத்துக்கொண்டார், வெயிலும் வெறும் வயிறுந்தான் காரணம். இருபது மைல் ஓடி முடித்த ஒருவருக்கு, தன் தாகத்தைவிட இன்னொருவர் கிடக்கிற இடம் ஞாபகமிருந்தது. அதை நான் நோட்டில் எழுதவில்லை. எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று தெரியவில்லை.

அதற்குள் ஆய்க்குடிக்காரர்கள் வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போய் அருவிக்குள் நிறுத்திவிட்டார்கள். குற்றாலத்தில் எந்த வலிக்கும் முதல் மருந்து அருவிதான். நானும் பெண்கள் பக்கத்தில் ஒரு நாள் நின்றிருக்கிறேன். ஆயிரம் கைகள் சேர்ந்து முதுகில் அடிப்பது போலிருக்கும். வெளியே வந்தால் தலைக்குள் சத்தமே இருக்காது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அருவியிலிருந்து வெளியே இழுத்து, எண்ணெய் தேய்த்துவிடுகிற ஓர் ஆளிடம் அவரை ஒப்படைத்தார்கள். அந்த ஆள் தன் முழங்கையை அவருடைய கெண்டைக்காலில் ஊன்றி, முழுப் பாரத்தையும் போட்டு உருட்டினார்.

"இவ்வளவு அழுத்தாதீர்கள்! களைத்துப் போன சதை!" என்று நான் கத்தினேன்.

"நீங்க ஊசி போடுங்கம்மா, நான் எண்ண போடுதேன்" என்றார் அந்த ஆள், திரும்பிப் பார்க்காமலே.

நான் எழுதிய பட்டியல்

டாக்டர் அந்த வாரம் வீரகேரளம்புதூர்ப் பக்கம் அம்மை குத்தப் போயிருந்தார். அதனால் திங்கட்கிழமை காலையில் சுடலைமுத்துவைப் பார்த்தவள் நான்தான். தொடைகள் இரண்டும் பலகை போல விறைத்திருந்தன. கெண்டைக்காலில் முழங்கை உருண்ட இடம் லேசாகக் கன்றியிருந்தது. பயிற்சியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தபடி ஒரு தாளில் எழுதினேன்:

1. மூன்று நாள் படுக்கை.
2. இரண்டு வேளை வெந்நீர் ஒத்தடம்.
3. டர்பன்டைன் தைலம். தடவ மட்டும், அமுக்கக் கூடாது.
4. உப்புப் போட்ட கஞ்சி, எவ்வளவு முடியுமோ அவ்வளவு.
5. நடப்பது, குனிவது, குந்துவது எதுவும் கூடாது.

அவர் அதை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். ஐந்தாவதுக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

"புதன்கிழமை ஆள் எடுப்பு இருக்கும்மா. இங்கனதான், மைதானத்துல."

"அடுத்த தடவை போகலாமே?"

"அடுத்த தடவைக்குள்ள வயசு தாண்டிரும். இதுதான் கடேசி."

"அப்படியானால் அதற்கு மூன்று நாள் முன்னால் இருபது மைல் ஓடுவார்களா?"

"ஓட்டத்துக்குப் பேரு குடுத்தது பங்குனியில. போலீசுக்கு ஆள் எடுக்காகன்னு தாக்கல் தெரிஞ்சது போன வாரம். ஊரு பேருல நிக்கேன், வரலைன்னு எப்படிம்மா சொல்ல?"

தைலத்தைச் சீசாவில் ஊற்றிக் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் அவர் பின்பக்கமாகப் படி இறங்கினது.

அவர் இறங்கி முடித்ததும் பேச்சியம்மாள் கீழே நின்றபடியே என்னிடம் பேசினாள். மேலே ஏறி வரச் சொன்னேன், வரவில்லை. கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். என் வயதுதான் இருக்கும் அவளுக்கு. சேலையின் கொசுவத்தில் காய்ந்த சேறு ஒட்டியிருந்தது.

"ஒண்ணு கேக்கட்டுமா நர்சம்மா? இந்த வலி நாளைக்குக் கூடுமா, கொறையுமா?"

"குறையும். இன்றைக்குத்தான் அதிகம். நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வரும்."

"கூடும்மா."

"என்ன?"

"நாளைக்குத்தான் கூடும். அதுக்குப் பொறவுதான் எறங்கும். நடவுக்குப் போற பொம்பளையள யாரையும் கேளுங்க. நட்ட அன்னைக்கு ஒண்ணுந் தெரியாது. மறுநா மொத நாளு, புடிக்கும். அதுக்கு மறுநா ரெண்டாம் நாளு. அதுதான் ராசா. அன்னைக்குப் படுத்தோம்னா அப்படியே கட்டையாப் போயிரும். கொஞ்சம் கொஞ்சமாக் குனிஞ்சு நிமுந்தோம்னா விட்ரும்."

"நடவு வேறு, இருபது மைல் ஓட்டம் வேறு."

"சதை ஒண்ணுதானம்மா."

வயிற்றுவலிப் பெரியவர் முனகுவதை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்குக் கோபம் வரவில்லை, வருவதில்லை. ஆனால் காது சூடாயிற்று. "தாளில் எழுதியபடி செய்யுங்கள்" என்று மட்டும் சொன்னேன்.

அவள் தாளை வாங்கி நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வயலில் ஓர் ஆண்

அன்று மத்தியானமே என் பயிற்சிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். சுளுக்கு இருந்தது. எலும்பு முறிவு இருந்தது. மூட்டு நழுவினால் என்ன செய்வது என்று படத்தோடு இருந்தது. நன்றாக இருக்கும் கால் நிறைய ஓடிவிட்டால் இரண்டாம் நாள் அது என்ன செய்யும் என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை போலிருக்கிறது. புத்தகம் எழுதியவர்கள் நடவுக்குப் போனதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை வேலையை முடித்துக்கொண்டு, பெட்டியோடு ஒரு வண்டியில் ஆய்க்குடிப் பக்கம் போனேன். சொந்தப் பெருமைக்காகப் போகவில்லை என்று சொல்ல ஆசைதான். பாதி அதற்காகவும்தான்.

சாரல் விட்டு விட்டு விழுந்தது. வண்டிக்காரர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டார். வீட்டில் கட்டில் காலியாக இருந்தது. தலைமாட்டில் என் தைலச் சீசா.

"எங்கே அவர்?" என்று பக்கத்து வீட்டில் கேட்டேன்.

"வயல்ல நடுதாக."

"பேச்சியம்மாளைக் கேட்கவில்லை. அவர் எங்கே?"

"அவுகளத்தான் சொல்லுதேன். ரெண்டு பேரும் நடுதாக."

இந்தப் பக்கத்தில் நாற்றைப் பறிப்பதும் முடி முடியாகக் கட்டிச் சுமந்து வந்து வயலில் வீசுவதும் ஆண்கள் வேலை. நடுவது பெண்கள் வேலை. இதில் யாரும் யாருடைய இடத்துக்கும் போவதில்லை. ஆகவே வரப்பில் ஏறிப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. சின்ன வயல். பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள். நடுவில், பேச்சியம்மாளுக்குப் பக்கத்தில், வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு முதுகு.

நடவு, பின்னால் நகர்ந்துகொண்டே செய்கிற வேலை. நட்ட நாற்றை மிதிக்காமல் இருக்க வேண்டுமே. சுடலைமுத்து ஒரு கை நாற்றை ஊன்றி, ஒரு காலைச் சேற்றிலிருந்து உருவி, பின்னால் வைத்து, மறு காலை உருவி, மறுபடியும் குனிந்தார். ஒவ்வொரு தடவையும் மூச்சுச் சத்தம் வரப்புவரை கேட்டது.

"ஏ கொழுந்தா, நீங்க நாத்தைப் புடிக்கணும். நாத்து ஒங்களப் புடிச்சிருக்கு!"

"ஏட்டி, சும்மா இரு. நாளைக்குப் போலீசு. கள்ளன் முன்னால ஓடுவான், இவுக பின்னாலயே நடந்து போயிப் புடிப்பாக!"

பெண்கள் சிரித்த சிரிப்பில் கொக்குகள் எழுந்து பறந்தன.

"சிரிங்க மதினி, சிரிங்க. சட்டை போட்டதும் மொத ஆளா ஒங்களத்தான் புடிப்பேன்."

"புடிச்சு என்ன செய்வீரு? படியில எறங்கத் தெரியாத ஆளு!"

எதிர் வரப்பில் நாற்று முடிகளோடு நின்றிருந்த ஓர் ஆணுக்கு இது சிரிப்பாக இல்லை. "ஏலே சுடலை, பந்தயத்துல ஓடுன ஆளு செய்யுத வேலையால இது? ஊரு சிரிக்கி" என்றார்.

சுடலைமுத்து நிமிர்ந்தார். நிமிர்வதற்கு அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "எறங்கி ஒரு வரிசை நட்டுப் பாரும் அண்ணாச்சி. அதுக்குப் பொறவு சொல்லும்" என்றார். மறுபடியும் குனிந்துகொண்டார்.

பேச்சியம்மாள் என்னைப் பார்த்துவிட்டாள். கையைக் கழுவிக்கொண்டு வரப்போரம் வந்தாள். மேலே ஏறவில்லை.

"ஒங்க தாளைத் தூரப் போடலம்மா. ஒத்தடம் குடுத்தாச்சு, தைலம் தடவியாச்சு, கஞ்சி மூணு செம்பு குடிச்சாச்சு. ஒண்ணும் அஞ்சும் மட்டுந்தான் கேக்கல."

"நடவுதானா கிடைத்தது?"

"பின்னாடி எறங்க வருதுல்லா, பின்னாடி நடக்கவும் வரும்னு கூட்டியாந்தேன். சேத்துல காலு தரையில இடிக்காது. மெதுவாத்தான் எடுக்க முடியும், மெதுவாத்தான் வைக்க முடியும்." பிறகு வயலைக் காட்டினாள். "இது ரெண்டாம் நா வயலும்மா. ஞாயித்துக்கிழமை நடவு தொடங்குனோம். இன்னைக்கு எங்க எல்லாத்துக்குமே ரெண்டாம் நாளு. அதுக்குன்னே இந்தச் சின்ன வயல வச்சிருப்போம். பெரிய வயல்ல எறங்கமாட்டோம், வீட்லயும் இருக்கமாட்டோம். உச்சிப் பொழுதுக்குள்ள கரையேறிருவோம்."

நான் வரப்பில் நின்றபடியே அதை நோட்டில் எழுதிக்கொண்டேன். பெரிய வயல் கூடாது. வீட்டில் இருக்கவும் கூடாது. சின்ன வயல். மூன்று வருஷப் பயிற்சியில் இவ்வளவு துல்லியமான ஒரு மருந்தளவை யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. வலியைத் தெரிந்துகொண்டு, அது எந்த நாளில் உச்சிக்குப் போகும் என்று கணக்குப் பண்ணி, அந்த நாளுக்கென்று நிலத்தையே ஒதுக்கிவைத்திருக்கிறார்கள்.

ஆனாலும் எனக்கு ஒரு கடமை இருந்தது. சதை அறுந்திருந்தால் குனிந்து நிமிர்ந்து அதைக் கெடுத்துவிடக் கூடாது. சுடலைமுத்துவை வரப்பில் உட்காரவைத்து மூன்று கேள்விகள் கேட்டேன். ஒரே புள்ளியில் குத்துகிறதா, எங்கும் பரவியிருக்கிறதா? எங்கும். வீக்கமோ புது நீலமோ உண்டா? விரலால் அழுத்திப் பார்த்தேன், இல்லை. மூன்றாவதைக் கேட்கக் குரலைத் தாழ்த்தினேன். மிகக் கடுமையாக உழைத்த உடம்பில் சிறுநீர் காப்பி நிறத்துக்குப் போனால் அது அபாயம் என்று ஒரு டாக்டர் வகுப்பில் சொல்லியிருந்தார்.

சுடலைமுத்து தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பதில் வயலுக்குள்ளிருந்து, பேச்சியம்மாளிடமிருந்து வந்தது.

"வெறும் தண்ணி மாதிரிதாம்மா போவுது! நான் பாத்துட்டேன்!"

மறுபடியும் கொக்குகள் பறந்தன. அவர் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். கையிலிருந்த சேறு முழுதும் முகத்துக்கு வந்துவிட்டது.

"வலி எப்படி இருக்கிறது?" என்றேன்.

"நேத்தைவிடக் கூடத்தாம்மா." சொல்லிவிட்டு எழுந்து, முழங்காலை மடக்கி உட்காரப் போவது போலக் காட்டினார். நேற்று பாதியில் நின்ற கால் இன்று முக்கால்வாசி இறங்கியது. "ஆனா வளையுது, பாருங்க."

வலி கூடியிருந்தது. அவள் சொன்னபடியே. கால் வளைந்தது. அதுவும் அவள் சொன்னபடியே. அவளுடைய இடுப்பிலிருந்த தாளை வாங்கி, முதலாவதையும் ஐந்தாவதையும் அடித்தேன். அடியில், 'பேச்சியம்மாள் சொல்வதைக் கேட்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. சுடலைமுத்து படித்துக் காட்டினார்.

"அப்ப இனி நான் சொல்லுததக் கேப்பீயளா?" என்று அவரைக் கேட்டாள் அவள்.

"நர்சம்மா கையெழுத்துல்லா போட்டிருக்காக."

"அப்ப போதும், ஏறுங்க. கால நல்லாக் கழுவிட்டு வீட்டுக்குப் போங்க. நின்னு நின்னு போங்க."

அவர் பாதியில் விட்ட வரிசை அங்கே மற்றவர்களுக்கு முன்னால் குட்டையாக நின்றது. நான் வண்டி ஏறியபோது பேச்சியம்மாள் தன் வரிசையோடு அதையும் சேர்த்து, இரண்டு ஆள் அகலத்துக்குக் கையை எட்டி எட்டி நட்டுக்கொண்டிருந்தாள்.

மைதானம்

புதன்கிழமை காலை வைத்தியசாலையைத் திறப்பதற்கு முன்னால் மைதானத்துக்குப் போனேன். வேலிக்கு வெளியே ஈரப் புல்லில் பேச்சியம்மாள் குந்தியிருந்தாள். விடியும் முன்னே வந்திருக்க வேண்டும்; தலைமுடியில் சாரல் பொடிப்பொடியாக நின்றது. நான் அவள் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

உயரம் பார்த்தார்கள். மார்பு அளந்தார்கள். மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார்கள். சுடலைமுத்து அழகாக ஓடவில்லை. முதல் சுற்றில் இரண்டு கால்களும் இரண்டு வெவ்வேறு ஆட்களுடையவை போலிருந்தன. இரண்டாவது சுற்றில் ஒன்று சேர்ந்தன. நடுவில் வந்தார். வெட்டியிருந்த பள்ளத்தைத் தாண்டினார். தாண்டி ஊன்றிய காலில் அவர் பல்லைக் கடித்தது எனக்கு வேலிக்கு இந்தப் பக்கம் தெரிந்தது.

பிறகு மிச்சமிருந்தவர்களை வரிசையாக நிறுத்தி, அதிகாரி பிரம்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்துக்கு ஓடினவன் யாராவது இதில் உண்டா?"

யாரும் அசையவில்லை. அந்த வரிசையில் இன்னொருவரும் இருந்தார்; இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வந்தவர், நான் பாதத்துக்கு மருந்து போட்டிருக்கிறேன். அவர் நேரே பார்த்துக்கொண்டு நின்றார். நொந்த காலோடு வந்தவர்களைக் கழித்துவிடத்தான் இந்தக் கேள்வி என்று எல்லோருக்கும் புரிந்திருந்தது.

சுடலைமுத்து ஓர் அடி முன்னால் வந்தார்.

என் பக்கத்தில், "ஐயோ" என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

அதிகாரி வந்து அவர் தொடையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். "வலிக்கிறதா?"

"வலிக்கிய்யா."

"பின்னே எதற்கு வந்தாய்?"

"நேத்துக்கு இன்னைக்குக் கொறவுய்யா. நாளைக்கு இன்னும் கொறையும்."

"யார் சொன்னது? டாக்டரா?"

"வீட்ல சொன்னாய்யா."

வரிசை முழுதும் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. "உட்கார்ந்து எழு. இருபது" என்றார்.

நன்றாக இருக்கும் காலுக்கே இருபது என்பது லேசில்லை. ஓடிய தொடைக்கு, கீழே போகிற ஒவ்வொரு அங்குலமும் கத்தி. முதல் ஐந்து வேகமாகப் போயின. எட்டில் நெற்றி மின்னியது. பேச்சியம்மாள் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். பதின்மூன்றில் அவர் கீழே போய் நின்றுவிட்டார். தொடை நடுங்குவது வேலிவரை தெரிந்தது. அவள் எண்ணுவதை நிறுத்தினாள். நான் ஏன் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன் என்று தெரியவில்லை.

எழுந்தார்.

பதினான்கு முதல் இருபதுவரை அவர் முகம் மாறவே இல்லை. நான் எத்தனையோ பேருக்குக் கட்டு அவிழ்த்திருக்கிறேன், ஊசி போட்டிருக்கிறேன். வலியை மறைக்கிற முகம் எனக்குத் தெரியும். இது அதில்லை. இருக்கிறது என்று ஊரறியச் சொல்லிவிட்ட வலி. அதற்குமேல் அதை முகத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

கடைசியில் பெயர்களை வாசித்தார்கள். ஏழெட்டுப் பெயர்களுக்குப் பிறகு அவருடைய பெயர் வந்தது.

மைதானத்துக்குள் அவர் திரும்பி எங்களைத் தேடினார். நான் கையை ஆட்டினேன். பேச்சியம்மாள் எழுந்திருக்கவில்லை. மகிழ்ச்சியில் உட்கார்ந்துவிட்டாள் என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன். அவள் வேலிக் கம்பை இரண்டு கைகளாலும் பிடித்து எழப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதிவரை வந்தாள். மறுபடியும் புல்லில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நடவு. திங்கட்கிழமை எங்களிடம் வந்துவிட்டுப் போய் நடவு. செவ்வாய்க்கிழமை இரண்டு ஆள் நடவு. மூன்று நாட்களில் அவள் கணவரிடம், எங்கே வலி, கையை வைத்துக் காட்டுங்கள் என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன்! அவளிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

வேலியருகே நின்ற ஆட்களில் யாரோ சிரித்தார்கள். அவள் தலையை நிமிர்த்தினாள். கண்ணில் நீர் இருந்தது, குரலில் இல்லை.

"என்னத்தச் சிரிக்கிய? ஒரு போலீஸ்காரரு பொண்டாட்டியத் தூக்கிவிட இங்கன ஒரு ஆளு இல்லையா?"

நான் நோட்டுப் புத்தகத்தைப் புல்லில் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினேன்.